தங்க நானோ துகளும் லேசரும் வெச்சு ரெண்டு உயிர்ச் செல்ல ஒண்ணாக்கறது: புதுசா ஆரம்பிக்கறவங்க எங்கேர்ந்து தொடங்கணும்

எங்க லேப்ல இந்த வேலைய ஆரம்பிச்சப்ப யாராவது ஒருத்தர் பக்கத்துல உக்காந்து இத மொதல்ல பண்ணு, அத அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லியிருந்தா எனக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும். ஆராய்ச்சிக் கட்டுரைல படிக்கறப்ப ரொம்ப சுலபமா இருக்கும், ரெண்டு செல்ல பக்கத்துல கொண்டு வந்தாங்க, நடுவுல தங்கத் துகள் இருந்துச்சு, லேசர் அடிச்சாங்க, ஒண்ணாயிடுச்சு, அவ்ளோதான் நாலு வரி. அந்த நாலு வரிய தொடறதுக்கு முன்னாடி எத்தன ஃபார்ம், எத்தன கையெழுத்து, எத்தன பாட்டில் வீணாப்போச்சுன்னு யாரும் எழுதறதில்ல, அதனால தான் நான் எழுதறேன்.

இது யாருக்குன்னா, எம்எஸ்சி ப்ராஜெக்ட், பிஎச்டி முதல் வருஷம்னு இந்தியால ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துல இருந்துகிட்டு, செல் கல்ச்சர், அதாவது செல் வளக்கற லேப், ஒரு கட்டடத்துலயும் லேசர் இன்னொரு கட்டடத்துல பிசிக்ஸ்காரங்க கிட்டயும் இருக்கற நிலைமைல இருக்கறவங்களுக்கு.

விஷயம் என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். தங்க நானோ துகள் ஒளிய நல்லா உறிஞ்சும், உறிஞ்சினா சூடாகும், ஆனா அந்த சூடு துகள சுத்தி கொஞ்ச தூரம் மட்டும் தான். துகளோட மையத்துலேர்ந்து தூரம் ரெண்டு மடங்கானா கூடுதல் சூடு பாதியாயிடும். 100 நானோமீட்டர் துகள்னு வெச்சுக்கங்க, மேற்பரப்புல எவ்ளோ சூடு ஏறுதோ அதுல இருபதுல ஒரு பங்கு தான் ஒரு மைக்ரான், அதாவது ஆயிரம் நானோமீட்டர், தள்ளி இருக்கும். ஒரு செல்லு பத்து பதினஞ்சு மைக்ரான் இருக்கும்ல, அதனால செல்லோட உள்பக்கம் வெந்து போகாம, ரெண்டு செல்லோட சவ்வும் தொட்டுகிட்டு இருக்கற அந்த ஒரு புள்ளி மட்டும் இளகி, ரெண்டு சவ்வும் ஒரே சவ்வா சேரும். சோப்பு நுரைல ரெண்டு குமிழி ஒட்டிகிட்டு நிக்கறப்ப நடுச்சுவர் டக்குனு போய் ஒரே குமிழியாகும் பாருங்க, அந்த மாதிரி.

1. உங்களுக்கு லேசர் நெஜமாவே வேணுமான்னு மொதல்ல பாருங்க

ஹைப்ரிடோமா பண்ணி, அதாவது ஆன்டிபாடி சுரக்கற செல்லையும் சாகாம பெருகற புற்றுச்செல்லையும் சேத்து, ஆன்டிபாடி எடுக்கறது தான் உங்க வேலைன்னா லேசர் வேண்டாம். பாலிஎத்திலீன் கிளைக்கால்ங்கற ரசாயனம் போட்டோ, கரண்ட் பல்ஸ் குடுத்தோ லட்சக்கணக்கான செல்ல ஒரே குழாய்ல சேத்துடலாம், எது எதோட சேந்துச்சுன்னு நம்ம கைல இல்ல, ஆனா ஹேட்னு ஒரு மீடியம், அதாவது செல் வளர்ற திரவம், போட்டா வேண்டாதது செத்துடும், வேண்டியது நிக்கும். செலவும் கம்மி.

லேசர் எப்ப வேணும்னா, இந்தச் செல்லும் அந்தச் செல்லும்னு குறிப்பா ரெண்டத் தேர்ந்தெடுத்து சேக்கணும்ங்கறப்ப. இல்லன்னா மருந்த ஒரு கொழுப்புப் பைக்குள்ள, அதாவது வெசிக்கிள்ள, வெச்சு அத ஒரே ஒரு செல்லுக்குள்ள கொட்டி என்ன ஆகுதுன்னு பாக்கணும்ங்கறப்ப. இதுல ரெண்டு வழி இருக்கு. கோபன்ஹேகன் நீல்ஸ் போர் இன்ஸ்டிட்யூட்ல ஒடர்ஷெட, பென்டிக்ஸ் குழு செஞ்சது ஆப்டிகல் ட்வீசர் வழி: தொடர்ச்சியா எரியற 1064 நானோமீட்டர் லேசர்லயே துகளையும் செல்லையும் புடிச்சு நகத்தி, அதே லேசர்ல சூடேத்தி சேக்கறது. மொதல்ல வெசிக்கிள்ள, 2017 வாக்குல உயிருள்ள செல்லுல காட்டினாங்க. இன்னொண்ணு இஸ்ரேல் டெக்னியன்ல யெலின் குழுவோட வழி: ஆன்டிபாடி ஒட்டின தங்கத் துகள் தனக்கு வேண்டிய புற்றுச்செல்லுல மட்டும் போய் உக்காரும், அப்புறம் ஃபெம்டோசெகண்ட் பல்ஸ், அதாவது ரொம்ப ரொம்பக் குட்டி நேரத்துக்கு வர்ற லேசர் துடிப்பு, அடிக்கறது. ஃபெம்டோசெகண்ட் லேசர் கைல இருக்கற லேப் ரொம்ப கம்மி. நான் பண்ணினது ட்வீசர் வழி, அதனால கீழ உள்ளது எல்லாம் அதுக்குத்தான்.

2. பேப்பர் வேலைய இன்னிக்கே ஆரம்பிங்க, லேசர பாக்கறதுக்கு முன்னாடியே

என் வருஷம் போனது இங்க தான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

"நான் ஜீன் எதையும் மாத்தல, ரெண்டு செல்ல சேக்கறேன் அவ்ளோதான், அதனால பயோசேஃப்டி கமிட்டி அனுமதி வேண்டாம்"னு நெனச்சேன். தப்பு. நம்ம நாட்டுல சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ 1989ல வந்த விதிகள்லயே செல் ஹைப்ரிடைசேஷன்னு தனியா ஒரு வரையறை இருக்கு: இயற்கைல நடக்காத முறைல ரெண்டோ அதுக்கு மேலயோ செல்ல சேத்து புது மரபுப் பொருள் சேர்க்கையோட உயிருள்ள செல் உண்டாக்கறது. ஜீன் டெக்னாலஜிங்கற வார்த்தைக்குள்ளயே அதையும் சேத்திருக்காங்க. லேசர் வெச்சு சேக்கறது இயற்கைல நடக்கற முறை கெடயாது. என் ஃபார்ம்ல "பொருந்தாது"ன்னு டிக் அடிச்சு குடுத்தேன், மூணு மாசம் கழிச்சு கமிட்டி கூடினப்ப அது திரும்பி வந்துச்சு, அடுத்த கூட்டம் வரைக்கும் உக்காந்திருந்தேன். நீங்க அத பண்ணாதீங்க. ஃபார்ம்ல தெளிவா செல் ஃபியூஷன்னே எழுதுங்க.

கமிட்டிக்கு, அதாவது உங்க நிறுவனத்துக்குள்ளயே இருக்கற பயோசேஃப்டி கமிட்டிக்கு (ஐபிஎஸ்சி), நீங்க குடுக்க வேண்டியது கிட்டத்தட்ட இவ்ளோ:

- ரெண்டு பக்க திட்டச் சுருக்கம், பயோடெக்னாலஜி துறையோட 2017 வழிகாட்டு நெறிமுறைல இருக்கற ரிஸ்க் வகை போட்டு
- எந்த செல் லைன் (லேப்ல தொடர்ந்து வளத்துட்டு வர்ற செல் வகை), எங்கேர்ந்து வந்துச்சு, வாங்கின பில், கூட வந்த சான்றிதழ்
- பச்சை, சிவப்பு ஒளிர்ற செல் வெச்சிருந்தா அதுக்குள்ள போன பிளாஸ்மிட், அதாவது ஒளிர வெக்கற ஜீன சுமந்துட்டு போற டிஎன்ஏ வளையம், அதோட விவரம், இத பாதிப்பேர் மறந்துடறாங்க
- சேந்த செல்ல எவ்ளோ நாள் உயிரோட வெச்சிருப்பீங்க, அப்புறம் எப்படி அழிப்பீங்க
- வேலை செய்யறவங்க பேரு, அவங்க எடுத்த பயிற்சி

கமிட்டி எப்ப கூடுதுன்னு மெம்பர் செகரட்டரிய நேர்ல போய் கேளுங்க. சில இடத்துல ஆறு மாசத்துக்கு ஒரு தடவ தான் கூடும். கூட்டத்துக்கு எத்தன நாள் முன்னாடி குடுக்கணும்ங்கற கடைசித் தேதி வேற இருக்கும், ஒரு நாள் தவறினா ஆறு மாசம் போச்சு.

இதுக்கு மேல, ரத்தமோ திசுவோ மனுஷங்க கிட்டேர்ந்து எடுக்கறதா இருந்தா நெறிமுறைக் கமிட்டி அனுமதி தனியா வேணும், குடுக்கறவங்களுக்கு அவங்க மொழில ஒப்புதல் படிவம் வேணும். தமிழ்ப் படிவத்த எடுத்துட்டு போய் உங்க வீட்டுல பெரியவங்க யாருக்காவது படிச்சுக் காட்டுங்க, அவங்களுக்குப் புரியலைன்னா கமிட்டியும் திருப்பி அனுப்பும், அனுப்பறது நியாயமும் கூட. எலியோட மண்ணீரல் செல் எடுக்கறதா இருந்தா விலங்கு நெறிமுறைக் கமிட்டி. ஸ்டெம் செல்னா அதுக்குன்னு தனிக் கமிட்டி, ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) பயோடெக்னாலஜி துறையும் சேந்து போட்ட 2017 விதிப்படி. முதல் வருஷத்துல இது எதுவும் இல்லாம, கடைல வாங்கற சாதாரண செல் லைன் ரெண்டு வெச்சே ஆரம்பிங்கன்னு தான் நான் சொல்வேன், உங்க நிறுவனத்துல ஒரே கமிட்டியோட முடிஞ்சுடும்.

3. லேசர் யார் கிட்ட இருக்குன்னு தேடுங்க

சொந்தமா வாங்கணும்னு நெனைக்காதீங்க. ட்வீசர நாமளே பூட்டற கிட்டா வாங்கினாலும் லட்சக் கணக்குல போகும், முழு மெஷின்னா கோடிக்கு பக்கத்துல போகும். ஐஸ்டெம்னு மத்திய அரசோட போர்ட்டல் இருக்கு, எந்த நிறுவனத்துல எந்த மெஷின் இருக்கு, மணிக்கு எவ்ளோன்னு பாத்து ஸ்லாட் போடலாம். மாணவர்களுக்கு ஒரு ரேட், கம்பெனிக்கு ஒரு ரேட்னு இருக்கும், கைடு கையெழுத்து போட்ட லெட்டர் கூட இருக்கணும்.

ஸ்லாட் போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்க: உயிருள்ள மனித செல்ல உங்க மைக்ரோஸ்கோப்ல வெக்க அனுமதி இருக்கா? பிசிக்ஸ் லேப்ல நெறய இடத்துல கிடையாது. அங்கயும் பயோசேஃப்டி அனுமதி வேணும், ரெண்டு நிறுவனத்துக்கும் நடுவுல மெட்டீரியல் டிரான்ஸ்ஃபர் ஒப்பந்தம், அதாவது செல்ல ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு குடுக்கறதுக்கான ஒப்பந்தம், வேணும். சட்டப் பிரிவு அத படிச்சு கையெழுத்து போட எனக்கு ஏழு வாரம் ஆச்சு.

செல்ல எடுத்துட்டு போறப்ப, டி25 ஃபிளாஸ்க்ல, அதாவது செல் வளக்கற சின்னக் குப்பில, மீடியத்த வாய் வரைக்கும் ரொப்பி, காத்துக் குமிழியே இல்லாம மூடி, பாராஃபிலிம் சுத்தி, சாதாரண ரூம் டெம்பரேச்சர்ல எடுத்துட்டு போங்க. பாதி ரொப்பினா பஸ் குலுக்கல்ல மீடியம் அலையடிச்சு செல் பேந்து வந்துடும்.

4. லேசர் பாதுகாப்பு, இத தாண்டிப் போகாதீங்க

1064 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால கண்ணு தானா மூடாது, ஆனா லென்ஸ் வழியா உள்ள போய் நேரா விழித்திரைல குவியும். 500 மில்லிவாட்டுக்கு மேல போனா அது கிளாஸ் 4, அதாவது ரொம்ப ஆபத்தான லேசர் வகை, ட்வீசர் லேசர் நெறய அதுல தான் வரும். கண்ணாடி வாங்கறப்ப 1064க்குன்னு எழுதியிருக்கான்னு கையில வாங்கிப் பாருங்க, பச்சை லேசருக்கான ஆரஞ்சுக் கண்ணாடி 1064ஐ அப்படியே உள்ள விட்டுடலாம், போட்டும் போடாத மாதிரி தான். ஒண்ணு 15,000லேர்ந்து 30,000 வரைக்கும் எங்களுக்கு கோட் வந்துச்சு, ரெண்டு வாங்குங்க, பக்கத்துல நிக்கறவங்களுக்கும் கண்ணு இருக்கு.

மோதிரம், வாட்ச் கழட்டிடுங்க. லேசர் ஆன்ல இருக்கறப்ப ஐபீஸ்ல கண்ண வெக்கவே கூடாது, கேமரால மட்டும் பாருங்க, ஐபீஸ மூடி போட்டு டேப் ஒட்டிடுங்க.

5. என்ன வாங்கணும், எவ்ளோ ஆகும்

நான் வாங்கினப்ப வந்த விலை தான் இது, ஊருக்கும் வருஷத்துக்கும் மாறும், ஒரு அளவுக்கு கணக்குப் போட உதவும்.

80லேர்ந்து 150 நானோமீட்டருக்குள்ள உருண்டையான தங்கத் துகள், சின்ன பாட்டில் 20,000லேர்ந்து 35,000. லேப்லயே சிட்ரேட் போட்டு கொதிக்க வெச்சு பண்ணலாமேன்னு தோணும், ஆனா அந்த முறைல சுலபமா வர்றது 15, 20 நானோமீட்டர் துகள் தான், பெருசாக்க மேல மேல வளக்கணும், அளவு ஒரே மாதிரி வர்றது கஷ்டம். வாங்கிடுங்க. செல் வளக்கற மீடியத்துல சேக்கற எஃப்பிஎஸ் சீரம் 500 மில்லி 20,000லேர்ந்து 50,000. கண்ணாடி அடி வெச்ச டிஷ் ஒண்ணு 300 ரூபா பக்கம், அது ஒரு தடவைக்கு மேல ஆகாது, நூறாவது வேணும். ஒளிர்ற சாயம் நாலஞ்சு சேத்தா 60,000 தாண்டும். மைக்கோபிளாஸ்மாங்கற பாக்டீரியா செல்லுல தெரியாம புகுந்திருக்கான்னு பாக்கற டெஸ்ட் கிட் ஒண்ணு. செல் லைன் புனேல இருக்கற என்சிசிஎஸ் செல் வங்கிலேர்ந்து வாங்குங்க, அவங்க ஃபார்ம்ல கைடும் நிறுவனத் தலைவரும் கையெழுத்து போடணும். பக்கத்து லேப் ஃப்ரெண்டு கிட்ட ஓசில வாங்கினா எந்த செல்லுன்னே சந்தேகம் வரும், கட்டுரை அனுப்பறப்ப கேப்பாங்க.

அரசு நிறுவனம்னா, அரசு கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டல்ல கிடைக்கலைங்கற ரிப்போர்ட் வேணுமான்னு கேளுங்க, எங்க இடத்துல அது இல்லாம பர்ச்சேஸ் செக்‌ஷன் ஃபைல தொடல. விதி அடிக்கடி மாறுது, அதனால ஒவ்வொரு தடவையும் அங்க போய் கேட்டுட்டு பண்ணுங்க. வெளிநாட்டுலேர்ந்து வர்ற சரக்குக்கு எட்டுலேர்ந்து பன்னெண்டு வாரம் ஒதுக்குங்க.

ரெண்டு விஷயம் மனசுல வெச்சுக்கங்க. ஏப்ரல், மே மாசத்துல சீரம் வரவழைக்காதீங்க, கஸ்டம்ஸ்ல ரெண்டு நாள் நின்னா டிரை ஐஸ் ஆவியாகிப் போயிடும். இன்னொண்ணு, தங்கத் துகள் பாட்டில ஃப்ரீசர்ல வெக்காதீங்க. எங்க ஸ்டோர்ல நல்ல எண்ணத்துல சீரத்தோட சேத்து மைனஸ் 20ல வெச்சுட்டாங்க, உறைஞ்சா துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், திரும்ப பிரியாது, முழு பாட்டிலும் போச்சு. 4 டிகிரி தான். வெள்ளத் தாள்ல பெருசா எழுதி பாட்டில் மேல ஒட்டிக் குடுங்க.

6. தங்கம் நல்லா இருக்கான்னு பாக்கறது

இத பத்தி யாரும் சொல்லித் தரல, ஆனா பாதி சோதனை இங்கயே தோத்துடுது. பாட்டில்ல இருக்கற துகள் எல்லாம் சிட்ரேட்டோட மின்னூட்டத்தால ஒண்ண ஒண்ணு தள்ளிகிட்டு மெதக்குது. நீங்க நேரா பிபிஎஸ்ல, அதாவது செல்லுக்குப் பயன்படுத்தற உப்புக் கரைசல்ல, ஊத்தினா உப்பு அந்த மின்னூட்டத்த மறைச்சுடும், துகள் ஒட்டிக்கும். 20 நானோமீட்டர் கரைசல்ல இத கண்ணாலயே பாக்கலாம், மாதுளைச் சாறு மாதிரி சிவப்பா இருக்கறது பிபிஎஸ் விட்ட உடனே நாவப்பழக் கறை நிறத்துக்கு மாறும், அப்புறம் சாம்பலாகி அடில படியும்.

ஆனா 100 நானோமீட்டர் துகள் ஆரம்பத்துலயே கலங்கலா, ஒரு மாதிரி மங்கின ஊதா கலந்த நிறத்துல தான் இருக்கும், கெட்டதா நல்லதான்னு கண்ணால தெரியாது. அதனால கரைசல் எந்த அலைநீள ஒளிய எவ்ளோ உறிஞ்சுதுன்னு காட்டற யூவி விசிபிள் எடுங்க. 20 நானோமீட்டர் துகளுக்கு உச்சி 520 நானோமீட்டர் அலைநீளம் பக்கம், 100க்கு 570 பக்கம் வரும். பிபிஎஸ் சேத்து பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப எடுங்க, உச்சி குறைஞ்சு 650க்கு அந்தப்பக்கம் வால் மேல எழும்பினா ஒட்டிகிச்சுன்னு அர்த்தம். மொதல்ல பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசினதா வாங்குங்க, இல்லன்னா ஆல்புமின் சேத்து வெச்சுட்டு அப்புறம் பஃபருக்கு மாத்துங்க. ஒட்டின கட்டி லேசர்ல பட்டா தனித் துகள விட எவ்வளவோ அதிகமா சூடாகும், ரெண்டு செல்லும் அப்படியே வெடிச்சுடும், நீங்க லேசர் பவர் தப்புன்னு நெனச்சு அத குறைச்சுகிட்டே இருப்பீங்க.

7. செல்லுக்கு முன்னாடி வெசிக்கிள்ல கை பழகுங்க

கமிட்டி அனுமதி வர்ற வரைக்கும் சும்மா உக்காராதீங்க. வெசிக்கிள் வெறும் கொழுப்புப் பை, உயிரில்ல, அதுல இந்த மொத்த வேலையையும் பழகலாம். டிஓபிசி கொழுப்ப குளோரோஃபார்ம்ல கரைச்சு, மின்சாரம் கடத்தற ஐடிஓ கண்ணாடில தடவி காய வெச்சு, சர்க்கரைத் தண்ணி விட்டு, 10 ஹெர்ட்ஸ்ல ரெண்டு வோல்ட் மாதிரி ஏசி குடுத்தா ரெண்டு மூணு மணி நேரத்துல செல் அளவுக்கு பெரிய பை கிடைக்கும். கண்ணாடில ஒரு பக்கம் தான் கடத்தும், பாத்தா ரெண்டு பக்கமும் ஒண்ணு தான், அதனால மல்டிமீட்டர் ரெண்டு முனையையும் வெச்சுப் பாத்துட்டு தடவுங்க. குளோரோஃபார்ம பிளாஸ்டிக் ட்யூப்ல வெக்காதீங்க, பிளாஸ்டிக் கரைஞ்சு உங்க கொழுப்போட கலந்துடும். உள்ள சுக்ரோஸ், வெளிய குளுக்கோஸ்னு ஒரே ஆஸ்மோலாரிட்டில, அதாவது கரைஞ்ச பொருளோட செறிவு ரெண்டு பக்கமும் ஒரே அளவுல, வெச்சா பை தானா அடில எறங்கி உக்காரும், புடிக்க வசதி.

வெசிக்கிள்ல இன்னொரு பெரிய லாபம், சூட்ட அளக்கலாம். டிபிபிசிங்கற கொழுப்பு 41 டிகிரில கெட்டியா இருந்தது இளகும், துகள சுத்தி எவ்ளோ தூரம் இளகுதுன்னு பாத்தா அந்த இடத்துல 41 டிகிரின்னு தெரியும், அங்கேர்ந்து துகளோட மேற்பரப்புச் சூட்ட கணக்குப் போடலாம். இந்த அளவு இல்லாம செல்லுக்குப் போனா இருட்டுல நடக்கற மாதிரி.

8. செல் சேக்கற நாள்

முந்தின நாள் மின்வாரிய மாதாந்திர பராமரிப்பு அறிவிப்பு இருக்கான்னு பாருங்க. இன்குபேட்டருக்கு ஜெனரேட்டர் இருந்தாலும் லேசர் நின்னு திரும்ப ஆன் ஆனா நிலையா வர ஒரு மணி நேரம் ஆகும்.

சாதாரண மீடியம் இன்குபேட்டரோட கார்பன் டை ஆக்சைட நம்பித்தான் இருக்கு. வெளிய எடுத்து மேடைல வெச்சா அரை மணி நேரத்துல ஆரஞ்சு சிவப்புலேர்ந்து ரோஸ் கலருக்கு மாறும், காரமாயிடுச்சுன்னு அர்த்தம். அதனால அமில கார அளவ மாறாம வெச்சிருக்கற ஹெப்பஸ் 20 மில்லிமோலார் போட்ட, நிறமில்லாத மீடியம் வெச்சுக்கங்க. அப்பவும் ஒரு டிஷ்ஷ ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வெக்கறதில்லன்னு நான் எனக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கேன்.

டிஷ் அடிய ஆல்புமின் பூசி வெச்சா செல் ஒட்டாது, ட்வீசர்ல நகரும். ஒரு செல்ல அடில உக்கார விட்டுட்டு இன்னொண்ண இழுத்துட்டு வந்து ஒட்ட வெக்கறது சுலபம். ரெண்டும் லேசா அழுத்திகிட்டு நிக்கணும், தொடுற கோடு தட்டையா தெரியணும், வெறுமனே பக்கத்துல நின்னா போதாது. அப்புறம் துகள புடிச்சு அந்த கோட்டுக்கு கொண்டு வாங்க.

எங்களுக்கு மொதல் மூணு வாரம் ஒரு ஜோடி கூட சேரல. காரணம் என்னன்னு பாத்தா, கேமரால மேலேர்ந்து பாக்கறப்ப துகள் ரெண்டு செல்லுக்கும் நட்ட நடுவுல இருக்கற மாதிரி தான் தெரிஞ்சுது, ஆனா ஃபோகஸ மேலயும் கீழயும் நகத்திப் பாத்தா துகள் செல்லுக்கு மேல நாலு மைக்ரான் உசரத்துல மெதந்துகிட்டு இருந்துச்சு. சூடெல்லாம் தண்ணிக்குப் போயிருக்கு. அதுலேர்ந்து ஒவ்வொரு ஜோடிக்கும் லேசர் கூட்டறதுக்கு முன்னாடி ஃபோகஸ நகத்தி, செல்லோட விளிம்பும் துகளும் ஒரே நேரத்துல கூர்மையா தெரியுதான்னு பாத்துடறேன். இந்த ஒரு பழக்கம் தான் எல்லாத்தையும் மாத்துச்சு.

பவர் எப்பவும் டிஷ் இருக்கற இடத்துல அளங்க. லேசர் பெட்டில காட்டற எண்ணு வேற, ஆப்ஜெக்டிவ், அதாவது மைக்ரோஸ்கோப்போட முன் லென்ஸ், தாண்டி வர்றது வேற, ஆப்ஜெக்டிவ பொறுத்து பாதி கூட வராம போகலாம். புடிக்கறதுக்கு கம்மியா வெச்சுகிட்டு, சேக்கறப்ப படிப்படியா ஏத்துங்க, ஒவ்வொரு படிலயும் பத்து செகண்டு நில்லுங்க. துகள் இடத்துல குமிழி பளிச்சுனு தெரிஞ்சா தாண்டிட்டீங்க, அந்த ஜோடி போச்சு.

மொத தடவை சேந்தத பாக்கறப்ப, கோடு இருந்த இடத்துல ஒரு சின்ன கழுத்து வந்து, அது அகலமாகி, எட்டு மாதிரி இருந்தது மெதுவா கடலைக்கொட்ட மாதிரி ஆகி, உருண்டையாச்சு. ஒரு செல்லோட பச்சைச் சாயமும் இன்னொண்ணோட சிவப்புச் சாயமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து பரவுச்சு. நாங்க மூணு பேரும் ஸ்க்ரீன பாத்துகிட்டு பேசாம நின்னோம்.

9. சேந்துச்சுன்னு எப்படி நிரூபிக்கறது

சவ்வுச் சாயம் மட்டும் பரவினா போதாது. சவ்வுக்கு ரெண்டு அடுக்கு இருக்கு, வெளி அடுக்கு மட்டும் சேந்து உள் அடுக்கு தனித்தனியா இருக்கற பாதி நிலைலயும் சவ்வுச் சாயம் பரவும். உள்ள இருக்கற திரவமும் கலக்கணும், அதுக்கு ஒரு செல்லுல கால்சீன் ஏஎம்ங்கற பச்சைச் சாயம் போடுங்க, இன்னொண்ணுல வேற நிறம். பச்சைச் சாயத்தோட ஒளி சிவப்பு சேனல்ல கசியும், அதனால ஒவ்வொரு நிறத்தையும் தனியா போட்ட டிஷ் ஒண்ணு கட்டாயம் எடுங்க. செத்த செல்லுக்குள்ள மட்டும் போற புரோப்பிடியம் அயோடைடுங்கற சாயம் போட்டு உயிரோட இருக்கான்னு பாருங்க, சேந்து செத்த செல் மருத்துவத்துக்கு உதவாது.

ஒப்பீட்டுக்கு மூணு: துகள் இருக்கு லேசர் இல்ல, அதே பவர் லேசர் இருக்கு துகள் இல்ல, வெறும் தொடுதல். இந்த மூணும் இல்லாம எந்த ரிவ்யூவரும் ஏத்துக்க மாட்டாங்க, ஏத்துக்கவும் கூடாது. கட்டம் போட்ட டிஷ் வாங்கினா மறுநாள் அதே செல்ல தேடிப் பிடிக்கலாம், ரெண்டு உட்கருவோட அது நிக்குதா, பிரியுதான்னு பாக்கறது தான் உண்மையான விடை.

10. மொத்தம் எவ்ளோ நாள் ஆகும்

கமிட்டி மூணுலேர்ந்து ஆறு மாசம், ஒப்பந்தம் ரெண்டு மாசம், சரக்கு மூணு மாசம். மூணையும் ஒரே வாரத்துல ஆரம்பிச்சா ஆறு மாசத்துல லேசர் முன்னாடி உக்காரலாம், ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு பண்ணினா ஒரு வருஷம். வெசிக்கிள் பழக ரெண்டு மாசம், அது காத்திருக்கற நேரத்துலயே முடிஞ்சுடும். செல்லுல நம்பற மாதிரி முடிவு வர அதுக்கு மேல நாலஞ்சு மாசம். ஒரு வருஷ எம்எஸ்சி ப்ராஜெக்ட்னா வெசிக்கிளோட நிறுத்திக்கங்க, அதுவே நல்ல வேலை, கைடு கிட்ட மொதல்லயே பேசிடுங்க.

11. நோயாளி குடும்பங்க கேட்டா

என் வேலைய பத்தி தெரிஞ்ச சொந்தக்காரங்க ரெண்டு பேரு புற்றுநோய்க்கு இது கிடைக்குமான்னு கேட்டாங்க. உங்களையும் கேப்பாங்க. இது லேப் அளவுல இருக்கற வேலை, ஒரு நேரத்துல ஒரு ஜோடி செல்லு, மனுஷங்களுக்குக் குடுக்கற சிகிச்சை இல்ல. நோய் எதிர்ப்புச் செல்லையும் புற்றுச்செல்லையும் சேத்து தடுப்பூசி மாதிரி பண்ணலாமாங்கற ஆராய்ச்சி உலகத்துல நடக்குது, அது வேற முறைகள்ல, வேற கட்டத்துல. லேசர் ஃபியூஷன் சிகிச்சைன்னு யாராவது பணம் கேட்டா குடுக்காதீங்க, நடந்துகிட்டு இருக்கற மருத்துவத்த நிறுத்தாதீங்கன்னு தெளிவா சொல்லுங்க. நானோ மருந்துன்னாலே நம்ம நாட்டுல 2019லேர்ந்து தனி மதிப்பீட்டு வழிமுறை இருக்கு, அத தாண்டி வராம எதுவும் ஆஸ்பத்திரிக்கு வரக் கூடாது.

12. முடிச்ச அப்புறம் மறக்கக் கூடாதது

செல் பட்ட எல்லாத்தையும் ஆட்டோகிளேவ் பண்ணிட்டு தான் மருத்துவக் கழிவுப் பைல போடணும், உடைஞ்ச கவர்ஸ்லிப் நீலப் பெட்டிக்கு, ஊசி வெள்ளப் பெட்டிக்கு. தங்கக் கரைசல் மிச்சத்த சிங்க்ல கொட்டாதீங்க, ஒரு கேன்ல சேத்து வெச்சு கெமிக்கல் கழிவுக்கு குடுங்க. அக்வா ரெஜியால, அதாவது தங்கத்தையே கரைக்கற ஆசிட் கலவைல, பாத்திரம் கழுவினா மிச்ச ஆசிட்ட பாட்டில்ல ஊத்தி மூடி வெக்காதீங்க, வாயு சேந்து வெடிக்கும், வாயுவ உறிஞ்சி வெளிய தள்ளற ஹூட்லயே திறந்து வெச்சு, அடங்கினப்புறம் நியூட்ரல் பண்ணுங்க.

சேந்த செல் ஒவ்வொண்ணுக்கும் தேதி, ஜோடி, துகளோட பேட்ச் நம்பர், டிஷ்ல அளந்த பவர், எத்தன செகண்டு, உயிரோட இருந்துச்சா இல்லையான்னு ஒரு நோட்டுல எழுதி வாங்க. வருஷக் கடைசில பயோசேஃப்டி கமிட்டிக்கு குடுக்கற ரிப்போர்ட்டுக்கு அந்த நோட்டு தான் கேப்பாங்க, ரிப்போர்ட் குடுக்கலைன்னா அடுத்த வருஷம் அனுமதி நீட்டிக்க மாட்டாங்க, அதுக்கான ஃபார்ம டிசம்பர்லயே வாங்கி வெச்சுக்கங்க.